27 இன்ச்சா, 32 இன்ச்சா, டிவியா: இரண்டடி மேசைக்கு எந்த மானிட்டர்?

கடைக்குக் கிளம்பும் முன் இன்ச் டேப்பை எடுத்து வேலை மேசையின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். சுவரிலிருந்து உங்கள் வயிறு வரை வரும் அளவு அது. வடசென்னை வீடுகளில் வேலைக்கென்று போடும் மேசை பெரும்பாலும் 4க்கு 2 அடிதான். ராயபுரத்திலோ வண்ணாரப்பேட்டையிலோ பத்துக்குப் பத்து அறையில் கட்டிலும் பீரோவும் போக மிஞ்சும் இடத்தில் அதற்கு மேல் எதுவும் நுழையாது. எந்த மானிட்டர் ஒத்துவரும் என்பதை அந்த இரண்டடியே முக்கால்வாசி முடிவு செய்துவிடும். பிராண்டு, ஹெர்ட்ஸ், வளைவு எல்லாம் அப்புறம்.

கணக்கைப் பாருங்கள். 2 அடி என்றால் 61 செ.மீ. மானிட்டரோடு வரும் ஸ்டாண்டின் பாதம் 20 முதல் 25 செ.மீ. ஆழம் இருக்கும். அதைச் சுவரில் முட்டும்படி தள்ளி வைத்தாலும் திரை சுவரைவிட்டு 15 செ.மீ. முன்னால்தான் நிற்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் கண் மேசை விளிம்புக்கு 10, 15 செ.மீ. பின்னால் இருக்கும். கூட்டிக் கழித்தால் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே சுமார் 60 செ.மீ. கிடைக்கிறது. 27 இன்ச்சுக்கு அது சரியாக இருக்கும். 32 இன்ச்சுக்கு 75 செ.மீ. இருந்தால்தான் கழுத்தைத் திருப்பாமல் இரு மூலையையும் பார்க்க முடியும். 43 இன்ச் டிவிக்கு 90 செ.மீ.க்குக் குறைந்தால் தொல்லைதான்.

நம்பிக்கை வராவிட்டால் மளிகைக் கடையில் ஒரு அட்டைப்பெட்டி வாங்கி, 60க்கு 34 செ.மீ. ஒரு துண்டும் 70க்கு 39 செ.மீ. ஒரு துண்டும் வெட்டிக்கொள்ளுங்கள். முதலாவது 27 இன்ச் திரை, இரண்டாவது 32. மேசையில் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி நிறுத்தி, நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கடையில் ஆறடி தள்ளி நின்று பார்க்கும்போது 32 இன்ச் சின்னதாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்ததும்தான் அது சுவர் மாதிரி எதிரே நிற்கும்.

எழுத்து தெளிவாகத் தெரிய

அளவுக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது பிக்சல் நெருக்கம், அதாவது ஒரு இன்ச் நீளத்தில் எத்தனை புள்ளி என்பது. இதைக் கடைக்காரர் பெரும்பாலும் சொல்ல மாட்டார், பெட்டியிலும் இருக்காது. அளவையும் ரெசல்யூஷனையும், அதாவது திரையின் அகலத்திலும் உயரத்திலும் எத்தனை புள்ளி என்பதையும் வைத்து நாமே கணக்குப் போட வேண்டியதுதான். 24 இன்ச் ஃபுல் எச்டி, அதாவது 1920க்கு 1080, 92 புள்ளி. அதே ஃபுல் எச்டி 27 இன்ச்சில் 82 ஆகிவிடும். 27 இன்ச் கியூஎச்டி, அதாவது 2560க்கு 1440, 109 வரும். 27 இன்ச் 4கே, அதாவது 3840க்கு 2160, 163. 32 இன்ச் கியூஎச்டி 93, அதே அளவு 4கே என்றால் 140. 34 இன்ச் அல்ட்ராவைடு, 3440க்கு 1440, 110. 43 இன்ச் 4கே டிவி 103 சுமார்.

60 செ.மீ. தூரத்தில் 82 புள்ளி என்றால் என்ன ஆகும்? தமிழில் ஒரு பத்தி திறந்து ‘ண’வையும் ‘ன’வையும் பாருங்கள். மூன்று சுழியா, இரண்டு சுழியா என்று கண் ஒரு நொடி தயங்கும். ‘க்ஷ’ ஒரு கறுப்புத் திட்டாகத் தெரியும். ஆங்கில எழுத்தில் இந்தச் சிக்கல் குறைவு, அதனால்தான் பல ஆங்கில விமர்சனங்களில் 27 இன்ச் ஃபுல் எச்டி ‘பரவாயில்லை’ என்று தேறிவிடுகிறது. தமிழில் டைப் செய்பவர், பக்க வடிவமைப்பு செய்பவர், பிழை திருத்துபவர் அதைத் தொடவே வேண்டாம். மற்றவர்களுக்கும் நாங்கள் சொல்வது அதேதான்: 24க்கு மேல் போனால் ஃபுல் எச்டியை மறந்துவிடுங்கள்.

எண்ணோடு வேலை செய்பவருக்கும் இதே கதைதான். துறைமுகத்தை ஒட்டிய பகுதி என்பதால் ஷிப்பிங் டாகுமெண்டேஷன், கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலக வேலையை வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் இங்கே நிறைய. கன்டெய்னர் நம்பர் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கென்றே வைக்கப்பட்டது. ஸ்கேன் செய்து அனுப்பிய பில் ஆஃப் லேடிங்கில், அதாவது கப்பல் சரக்கு ரசீதில், அதைப் படிக்கும்போது 8ஆ 6ஆ, 3ஆ 8ஆ என்ற குழப்பம் ஸ்கேனில் பாதி இருக்கும். மீதியைத் திரையும் சேர்த்துக்கொள்ளக் கூடாது. 109 புள்ளியில் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். 140க்கு மேல் போனால் அச்சடித்த தாளைப் படிக்கிற மாதிரி இருக்கும்.

ஏ4 தாள் எத்தனை நிற்கும்?

திரையின் பரப்பை அளக்க எளிய வழி ஏ4 தாள். அது 21க்கு 29.7 செ.மீ. 24 இன்ச் மானிட்டரின் மொத்த உயரமே 30 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. கீழே டாஸ்க்பார், மேலே மெனு போனால் தாளை நிஜ அளவில் முழுசாகப் பார்க்க முடியாது, உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 27 இன்ச்சின் உயரம் 33.6 செ.மீ. டாஸ்க்பாரும் பிடிஎஃப் மெனுவும் 4 செ.மீ. எடுத்துக்கொண்டாலும் முழு ஏ4 கிட்டத்தட்ட அச்சு அளவிலேயே நிற்கும். அகலம் 60 செ.மீ. என்பதால் இரண்டு ஏ4 பக்கம் பக்கமாக நின்று, ஓரத்தில் 18 செ.மீ. மிஞ்சும். வாட்ஸ்அப் வெப்புக்கும் மெயிலுக்கும் அது போதும்.

இடப்பக்கம் இன்வாய்ஸ், நடுவில் பேக்கிங் லிஸ்ட், வலப்பக்கம் பில் ஆஃப் என்ட்ரிக்கான (கஸ்டம்ஸில் கொடுக்கும் இறக்குமதிப் பத்திரம்) செக்லிஸ்ட் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் ஒப்பிட வேண்டியவருக்கு 27 கொஞ்சம் இறுக்கம். 32 இன்ச்சில் அகலம் 70 செ.மீ., மூன்று தாள் சரியாக நிற்கும். 34 இன்ச் அல்ட்ராவைடில் அகலம் 80, ஆனால் உயரம் 27 இன்ச்சுடையதேதான். கடையில் 34 என்ற எண்ணைக் கேட்டு 32ஐவிடப் பெரிது என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. உயரத்தில் அது கிட்டத்தட்ட 6 செ.மீ. குறைவு.

எக்செல்லில் கணக்கு வேறு. வழக்கமான வரிசை ஒன்று 20 பிக்சல் உயரம், பத்தி ஒன்று 64 பிக்சல் அகலம். ஃபுல் எச்டியிலிருந்து கியூஎச்டிக்குப் போனால் உயரத்தில் 360 பிக்சல் கூடும், அதாவது 18 வரிசை. அகலத்தில் 10 பத்தி. ஜிஎஸ்டி கணக்கு, சம்பளப் பட்டியல் பார்ப்பவருக்கு இந்த 18 வரிசைதான் வாங்கிய காசுக்குக் கிடைப்பது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 27 இன்ச் 4கே வாங்கினால் கியூஎச்டியைப் போல ஒன்றரை மடங்கு வரிசை தெரியும் என்று நினைப்பார்கள். 100 சதவீத அளவில் வைத்தால் தெரியும்தான், ஆனால் எழுத்து எறும்பு அளவாகிவிடும். விண்டோஸில் 150 சதவீதம் வைக்க வேண்டி வரும். அப்போது கிடைக்கும் இடம் மறுபடி 2560க்கு 1440 அளவுதான், கியூஎச்டியில் தெரிந்த அதே வரிசைகள். கூடுவது எழுத்தின் கூர்மை மட்டும். அந்தக் கூர்மை வேண்டுமா என்பதுதான் கேள்வி. நாள் முழுக்கப் படிப்பவர், வெள்ளெழுத்துக்காரர், தமிழில் எழுதுபவர், மேக் வைத்திருப்பவர் ஆகியோருக்கு வேண்டும். மேக்கில் குறைந்த பிக்சலில் எழுத்தை மென்மையாக்கும் பழைய வசதியை ஆப்பிள் 2018லேயே நிறுத்திவிட்டது, அதனால் கியூஎச்டியில் எழுத்து சற்று மங்கலாகவே தெரியும். விண்டோஸில் டாலியும் எக்செல்லும் பிரவுசரும்தான் வேலை என்றால் கியூஎச்டி தாராளமாகப் போதும்.

32 இன்ச் 4கே என்றால் 125 சதவீதம் வைத்து வேலை செய்யலாம். அப்போது கிடைப்பது 3072க்கு 1728. கூர்மையும் கூடுகிறது, இடமும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து கிடைக்கும் தெரிவு இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். மேசை ஆழம் 75 செ.மீ. இருந்து, பையில் 30 ஆயிரத்துக்கு மேல் இருந்தால் யோசிக்காமல் இதை எடுக்கலாம். 32 இன்ச் கியூஎச்டி விலை குறைவாகக் கண்ணை இழுக்கும். அது 24 இன்ச் ஃபுல் எச்டியின் புள்ளி நெருக்கத்தைப் பெரிய சட்டத்தில் மாட்டியது போலத்தான். தள்ளி உட்கார்ந்து பார்க்க இடமிருந்தால் சரி. இரண்டடி மேசையில் அது எல்லாவற்றையும் பெரிதாகக் காட்டுமே தவிர, 27 இன்ச் கியூஎச்டியைவிட ஒரு வரிகூடக் கூடுதலாகக் காட்டாது.

இரண்டு 24 வைத்தால் என்ன?

பலருக்கு இன்னும் இதுதான் மலிவான வழி. ரிச்சி தெருவில் கம்பெனிகள் கழித்துவிட்ட 24 இன்ச் மானிட்டர்கள் கிடைக்கும். ஏற்றி இறக்கும் ஸ்டாண்டு புதியவற்றைவிட நன்றாகவே இருக்கும். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட் பழசாகி மஞ்சள் தட்டியிருந்தால் ஒன்று மாம்பழம், ஒன்று பால் என்று தெரியும். அந்த வித்தியாசம் மெனுவில் சரிசெய்து முழுக்கப் போகாது. பின்பக்கம் எச்டிஎம்ஐ இருக்கிறதா என்றும் பாருங்கள். சில பழைய மாடல்களில் விஜிஏ, டிவிஐ, டிஸ்ப்ளே போர்ட் மட்டும்தான் இருக்கும்.

டீம்ஸிலும் ஸூமிலும் அடிக்கடி திரையைக் காட்டுபவருக்கு இரண்டு மானிட்டர் உண்மையில் சௌகரியம். ஒன்றைக் காட்டிவிட்டு இன்னொன்றில் குறிப்பை வைத்துக்கொள்ளலாம். அல்ட்ராவைடில் முழுத் திரையைக் காட்டினால் எதிர்முனையில் லேப்டாப் வைத்திருப்பவருக்கு ஒரு ரிப்பன் மாதிரி பட்டைதான் தெரியும். ‘ஒன்னுமே படிக்க முடியல, ஜூம் பண்ணுங்க’ என்பார்கள். ஒரே ஒரு விண்டோவை மட்டும் பகிர்ந்தால் தீரும், ஆனால் அந்த அவசரத்தில் அது நினைவுக்கு வராது.

இரண்டு 24இன் குறை அகலம். சேர்த்து 106 செ.மீ. வரும், 4 அடி மேசையில் வேறொன்றுக்கும் இடமிருக்காது. நேர் எதிரே நடுச்சட்டம் வந்து நிற்கும். ஒன்றை நேராகவும் மற்றதைச் சாய்வாகவும் வைப்பதுதான் கழுத்துக்கு நல்லது. மேக்புக் ஏர் எம்1, எம்2 வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியே இல்லை. அவை வெளி மானிட்டர் ஒன்றுக்குத்தான் படம் அனுப்பும். யூஎஸ்பி வழியாகப் படம் அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் டாக் வாங்கினால் சமாளிக்கலாம், ஆனால் அதற்கு டிரைவர் போட வேண்டும், அலுவலக லேப்டாப்பில் அந்த அனுமதி பெரும்பாலும் இருக்காது.

43 இன்ச் டிவி

27 இன்ச் 4கே மானிட்டர் விலைக்கே 43 இன்ச் 4கே டிவி வந்துவிடுகிறது என்பதால் இந்த ஆசை எல்லோருக்கும் ஒரு தடவை வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

முதல் சிக்கல் தூரம். 95 செ.மீ. அகலம், 53 செ.மீ. உயரம். இரண்டடி மேசைமேல் வைத்தால் மேல் விளிம்பு கண் மட்டத்தைத் தாண்டி நிற்கும், தலையை அண்ணாந்தே இருக்க வேண்டும். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவருக்கு இன்னும் மோசம். படிக்கும் கண்ணாடி கீழ்ப்பாதியில் இருப்பதால் மேலே உள்ளதைப் படிக்க முகவாயைத் தூக்குவார்கள். ஒரு வாரத்தில் பிடரி பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது நிறம். பல டிவிகள் படத்தின் நிறத் தகவலைப் பாதியாக, காலாகக் குறைத்துத்தான் காட்டும். சினிமாவில் அது தெரியாது. எக்செல்லில் சிவப்பு எழுத்தை மஞ்சள் கட்டத்தில் போட்டால் ஓரமெல்லாம் கசிந்து நிற்கும். இதற்கு மருந்து உண்டு: அந்த எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் கேம் மோடு போடுங்கள். பல டிவிகளில் அதோடு சரியாகிவிடும். ஷார்ப்னஸைக் குறைத்து, படத்தை ‘அழகாக்கும்’ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அப்படியும் எழுத்தைச் சுற்றி நிழல் இருந்தால் பேனலின் சிவப்பு, பச்சை, நீல வரிசை தலைகீழாக இருக்கும். எழுத்தைக் கூர்மையாக்கும் விண்டோஸின் கிளியர்டைப் அமைப்பில் ஓரளவு சரிசெய்யலாம்.

மூன்றாவது, கணினி தூங்கினாலும் டிவி தூங்காது, ‘சிக்னல் இல்லை’ என்று மிதந்துகொண்டிருக்கும். வெளிச்சத்தைத் தானே ஏற்றி இறக்குவதும் பாடாய்ப் படுத்தும்.

மின்கட்டணமும் இருக்கிறது. நாளைக்கு 9 மணி நேரம், மாதம் 26 நாள் என்று வைத்தால், 30 வாட் எடுக்கும் 27 இன்ச் மானிட்டர் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். 90 வாட் எடுக்கும் டிவி 42 யூனிட். வித்தியாசம் 28 யூனிட்தான், பெரிதில்லை. ஆனால் வெயில் காலத்தில் ஏசியோடு இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடாக இருந்தால் அந்த 28 உங்களை அடுத்த கட்டண வரிசைக்குத் தள்ளிவிடும். 500ஐத் தாண்டினால் கடைசி சில யூனிட்டுக்கு மட்டுமல்லாமல் கீழ்ப்படிகளுக்கும் சேர்த்தே கணக்கு மாறும்.

ஹாலில் மூன்றடி ஆழத்துக்கு இடம் இருக்கிறது, சுவரில் மாட்டலாம், வேலை முடிந்ததும் வீட்டார் பார்க்கவும் ஆகும் என்றால் டிவி நியாயமான முடிவு. படுக்கையறை மேசைக்கு வேண்டாம்.

10 செ.மீ. சம்பாதிப்பது எப்படி

32 இன்ச்தான் வேண்டும், மேசையோ இரண்டடிதான் என்பவர் ஸ்டாண்டைக் கழற்றிவிட்டுச் சுவரில் மாட்டினால் திரை சுவருக்கு 5 செ.மீ. வரை நெருங்கும். தூரம் 70 செ.மீ. ஆகிவிடும். மானிட்டரின் முதுகில் 100க்கு 100 மி.மீ. தூரத்தில் நான்கு திருகுத் துளை இருக்க வேண்டும், அதற்கு எம்4 திருகு போகும். மலிவு மாடல் சிலவற்றில் இந்தத் துளையே இல்லை, வாங்கும்போதே திருப்பிப் பாருங்கள். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் சுவர் சுண்ணாம்புப் பூச்சு. சாதாரண பிளாஸ்டிக் ராவல் பிளக் போட்டால் பொடியாக உதிர்ந்து, 7 கிலோ மானிட்டரோடு கையில் வரும். பூச்சைத் தாண்டிச் செங்கல்வரை துளைக்கும் நீளத் திருகு வேண்டும், செங்கல் இணைப்பில் போடக் கூடாது. வாடகை வீடாக இருந்தால் முதலில் ஓனரிடம் கேட்டுவிடுங்கள்.

மேசையில் கிளாம்ப் போட்டு மாட்டும் கை இன்னொரு வழி. இதில் ஏமாற்றம் ஒன்று காத்திருக்கும். திரையைப் பின்னுக்குத் தள்ளும்போது கையின் முழங்கை சுவர்ப் பக்கம் நீட்டிக்கொண்டு வரும். மேசை சுவரோடு ஒட்டியிருந்தால் முழங்கை முட்டி, திரை பழைய இடத்திலேயே நிற்கும். முழங்கையைப் பக்கவாட்டில் மடக்கும்படி கிளாம்பை மேசையின் நடுவில் போடாமல் ஒரு ஓரமாகப் போடுங்கள். மேசைப் பலகை பார்ட்டிகிள் போர்டு என்றால் கிளாம்பின் வாய் படும் இடத்தில் மேலும் கீழும் இரும்புத் தகடோ 6 மி.மீ. பிளைவுட் துண்டோ வையுங்கள். வைக்காவிட்டால் சில மாதத்தில் பலகை நசுங்கித் திரை முன்பக்கம் தலை குனியும். கண்ணாடி மேசையில் கிளாம்ப் கூடவே கூடாது.

லேப்டாப் ஒத்துழைக்குமா

4கே மானிட்டர் வாங்கி வந்து மாட்டியதும் மவுஸ் இழுத்து இழுத்து நகர்ந்தால் குறை மானிட்டரில் இல்லை. லேப்டாப்பின் எச்டிஎம்ஐ 1.4 ஆக இருக்கும், அது 4கேயில் நொடிக்கு 30 படம்தான், அதாவது 30 ஹெர்ட்ஸ்தான் அனுப்பும். 2.0 இருந்தால் 60 வரும். அலுவலகம் கொடுத்த பழைய லேப்டாப்பை நம்பி 4கே வாங்குபவர் மாடல் பெயரைத் தேடி இதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கியூஎச்டிக்கு 1.4 போதும், 27 இன்ச் கியூஎச்டியை நாங்கள் முன்னால் நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

யூஎஸ்பி-சி உள்ள மானிட்டர் என்றால் ஒரே கேபிளில் படம், சார்ஜ், கீபோர்டு எல்லாம் போகும். சின்ன மேசைக்கு அது வரம். மெல்லிய அலுவலக லேப்டாப்புக்கு 65 வாட் போதும். மூன்று இடத்தில் தவறு நடக்கும். லேப்டாப்பின் யூஎஸ்பி-சி படம் அனுப்பாத வகையாக இருக்கலாம். கைவசம் இருக்கும் மொபைல் சார்ஜர் கேபிள் சார்ஜை மட்டும் கடத்தும், படத்தைக் கடத்தாது. எல்லாம் சரியாக இருந்தும் 4கே 30 ஹெர்ட்ஸிலேயே நின்றால் மானிட்டர் மெனுவில் யூஎஸ்பி வேகத்துக்கா படத்துக்கா முன்னுரிமை என்று கேட்கும் அமைப்பைப் படத்தின் பக்கம் மாற்றுங்கள்.

பேனல் வகையில் அதிகம் யோசிக்க வேண்டாம், ஐபிஎஸ் எடுங்கள். விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் 60 செ.மீ.யில் உட்கார்ந்தால் ஓரங்களில் எழுத்து வெளிறும். ஓஎல்இடியில் ஒரே டாஸ்க்பார் தினம் 9 மணி நேரம் நின்றால் தழும்பாகப் பதியலாம். 100 ஹெர்ட்ஸ் கிடைத்தால் எடுங்கள், உருட்டும்போது கண்ணுக்கு இதம். அதற்கு மேல் போவதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். ஜன்னல் திரைக்கு எதிரிலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் வரும்படி மேசையைப் போடுங்கள்.

எர்த், கரண்ட், உப்புக்காற்று

மானிட்டரின் மின்பகுதி பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். சாயங்காலம் விளக்கு மங்கும் அளவு வோல்டேஜ் இறங்கினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, ஸ்டெபிலைசர் தேவையில்லை. ஆபத்து எர்த் இல்லாததில்தான் இருக்கிறது. பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. லேப்டாப்பின் உலோக மூடியைத் தொட்டால் சுர்ரென்று விரலில் ஏறுகிறதா? அப்படியானால் எச்டிஎம்ஐ செருகும் அந்த நொடியில் போர்ட் போக வாய்ப்பு உண்டு. கேபிள் டிவி ஒயரும் சேர்ந்து மாட்டிய டிவியில் இது இன்னும் அதிகம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை இரண்டையும் அணைத்துவிட்டு எச்டிஎம்ஐயைச் செருகுங்கள், அதன் பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

600 விஏ யூபிஎஸ்ஸில் மானிட்டரையும் ரவுட்டரையும் மட்டும் மாட்டுங்கள். லேப்டாப்புக்கு அதன் பேட்டரியே இருக்கிறது. மொத்தம் 40 வாட்தான் என்பதால் புது பேட்டரியில் முக்கால் மணி நேரம் வரை இழுக்கும். லேப்டாப் சார்ஜரையும் சேர்த்தால் கால் மணி நேரத்தில் கத்த ஆரம்பித்துவிடும். யூபிஎஸ்ஸைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, கொடுங்கையூர் தரைத்தள வீடுகளில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காசிமேடு, திருவொற்றியூர் கடற்கரை ஓரம் இருப்பவர்கள் மானிட்டரின் காலியான போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போட்டுவையுங்கள். எண்ணூர், மணலிப் பக்கம் படியும் கரித்தூளை உலர்ந்த துணியால் தேய்த்தால் மேட் பூச்சில் கீறல் விழும். முதலில் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மைக்ரோஃபைபர் துணியை நனைத்துத் துடையுங்கள். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம் வேண்டாம்.

வாங்குவதும் கொண்டுவருவதும்

சுமார் விலை நிலவரம்: புதிய 24 இன்ச் ஃபுல் எச்டி 10 ஆயிரத்தை ஒட்டி, 27 இன்ச் கியூஎச்டி 16 முதல் 22 ஆயிரம், 27 இன்ச் 4கே 25 ஆயிரத்திலிருந்து, 32 இன்ச் 4கேயும் 34 இன்ச் அல்ட்ராவைடும் 30 ஆயிரத்திலிருந்து. பழைய விமர்சனங்களில் 32க்கு மேல் போனால் வரி அதிகம் என்று படித்திருப்பீர்கள். அப்போது அது உண்மை, 32 இன்ச் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 28 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவுக்கும் 18தான். 34 இன்ச்சை வரிக்காக ஒதுக்கியவர்கள் மறுபடி பார்க்கலாம்.

ரிச்சி தெருவுக்கு விம்கோ நகர் பக்கமிருந்து மெட்ரோவில் ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். திரும்பும்போது ஆட்டோதான். பெட்டியை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். படுக்க வைத்து மேலே பையை வைத்தாலோ, பைக்கில் பின்னால் உட்கார்ந்தவர் இரு கையாலும் நடுவில் அழுத்திப் பிடித்தாலோ திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பள்ளங்களில் பேனல் அழுந்திக் கோடு விழும். அழுந்தி உடைந்ததற்குச் சாதாரண வாரண்டி கிடையாது. ஆன்லைனில் வாங்கினால் பிரிப்பதை முதல் வெட்டிலிருந்து வீடியோ எடுங்கள்.

வாங்கும் முன் இரண்டு கேள்வி: வீட்டுக்கு வந்து பார்க்கும் வாரண்டி எத்தனை வருடம், எத்தனை புள்ளி செத்தால் மாற்றித் தருவார்கள். பல நிறுவனங்கள் ஒன்றிரண்டு செத்த புள்ளியைக் குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை. எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் ஒரு புள்ளி இருந்தாலும் பேனலை மாற்றித் தரும் திட்டம் டெல்லின் குறிப்பிட்ட வரிசைகளில் உண்டு.

வீட்டுக்கு வந்த அன்றே கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து நிறத்தை முழுத் திரையில் வைத்துப் பாருங்கள். கறுப்பை மட்டும் இரவில் விளக்கை அணைத்துப் பாருங்கள், மூலையில் கசியும் வெளிச்சம் அப்போதுதான் தெரியும். வெளிச்சத்தை 30, 40 சதவீதத்துக்கு இறக்கிவிடுங்கள். பெட்டியையும் தெர்மாக்கோலையும் ஒரு மாதமாவது பரண்மேல் போட்டுவையுங்கள், மாற்றிக் கொடுக்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.